கார் வரட்டும்

துரைராசு எலக்ட்ரிக் கார் புக் செய்த நாளிலிருந்து அந்த வீட்டில் உருப்படியாக ஒரு வேலையும் நடக்கவில்லை. மாடி ஒழுகுகிறது, ஆள் விட்டுப் பார்க்க வேண்டும் என்றால் "கார் வரட்டும்" என்பார். மனைவி மங்களாம்பிகைக்கு இடது கண்ணில் புரை. கும்பகோணம் போய்க் காட்டிவிட்டு வரலாம் என்றால் "கார் வரட்டும், பஸ்ஸுல இடிபட்டுக்கிட்டு எதுக்கு?" என்பார். தங்கை தன் மகளுக்குக் காதுகுத்து வைத்திருப்பதாகச் சொன்னபோது, அதைக் கொஞ்சம் தள்ளி வைக்க முடியுமா என்று வெட்கமில்லாமல் கேட்டவர் அவர். பிள்ளைக்குக் கல்யாணமே ஆகிவிடும், உன் கார் வராது என்று சொல்லித் தங்கை போனை வைத்துவிட்டாள்.

குடவாசலுக்குத் தெற்கே இருக்கும் அந்த ஊரில் கார் ஒன்றும் அதிசயமில்லை. வெளிநாட்டுக்குப் பிள்ளையை அனுப்பிய வீடுகளில் வாசலுக்கு ஒன்று நிற்கிறது. ஆனால் எலக்ட்ரிக் கார் யாரிடமும் இல்லை. முதல் ஆள் தானாக இருக்க வேண்டும் என்று துரைராசுவுக்கு ஆசை. சிங்கப்பூரில் இருக்கும் மகன் சூர்யபிரகாஷ், சம்பா அறுப்பு முடிந்த மாசி மாதத்தில், அங்கிருந்தபடியே போனில் தட்டி புக் செய்துவிட்டான். சித்திரைக்குள் வந்துவிடும் என்றார்கள்.

அறிவுச்செல்வன் டீக்கடையில் அதற்குள் பாதி ஊருக்கு அந்தக் காரின் ஜாதகம் தெரிந்திருந்தது. மழையில் நனைந்தால் ஷாக் அடிக்குமா, கரண்ட் போய்விட்டால் நடுரோட்டில் நின்றுவிடுமா, சத்தமே வராதாமே, மாடு எப்படி ஒதுங்கும்? எல்லாவற்றுக்கும் துரைராசு பதில் வைத்திருந்தார். தெரியாததற்கும் வைத்திருந்தார்.

மற்ற கார் என்றால் ரோட்டோரம் புளியமரத்தடியில் விட்டுவிடலாம். இதற்குச் சுவரில் சார்ஜர் மாட்ட வேண்டும், வண்டி அதன் பக்கத்தில் நிற்க வேண்டும். அவர் வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவே வடிகால் வாய்க்கால் ஓடுகிறது. கிழக்கே இருக்கிற பள்ளமான வயல்களில் தேங்கும் மழைத்தண்ணீர் அதன் வழியாகத்தான் மேற்கே ஆற்றில் போய் விழும். மனுஷர் நடக்கவும் மொபெட் போகவும் அதன் மேல் இரண்டு தென்னந்தடி கிடந்தது. கார் தென்னந்தடியில் வராது.

சித்திரை வெயிலில் வாய்க்கால் காய்ந்து, பிள்ளைகள் அதற்குள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். கொத்தனார் வந்து பார்த்துவிட்டு, பெரிய சிமென்ட் குழாய் இறக்கி முறையாகப் பாலம் கட்டிவிடலாம் என்றார். குழாய் வர நாள் ஆகும் என்றார். சித்திரையில் கார் வருகிறதே! துரைராசுவுக்குப் பொறுக்கவில்லை.

"போர் போட்டப்ப மிச்சமான பிவிசி பைப் கெடக்கு. இப்போதைக்கு அதைப் போட்டு மண்ணைத் தள்ளுங்க."

"ஐயா, இதுல வாய்க்கால் தண்ணி வடியாதுங்க."

"இப்ப எங்கய்யா தண்ணி இருக்கு? கார் வரட்டும், அப்புறம் பிரிச்சு நல்லாக் கட்டிக்கலாம்."

தண்ணீரைப் பற்றி ஒன்றும் தெரியாதவர் இதைச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. துரைராசு பிறந்ததிலிருந்து வாய்க்கால் பார்த்து வளர்ந்தவர். எந்த மடையைத் திறந்தால் யார் வயல் நனையும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஆனால் அவருடைய வயல் மேட்டில் இருந்தது. வாய்க்கால் அடைத்தால் நிற்கிற தண்ணீர் அவருடைய வரப்பைத் தொடாது. அடிக்குழாயைவிடச் சற்றே பெரிய அந்தப் பைப்பைப் போட்டு, மேலே மண்ணும் கப்பியும் கொட்டி, நாலு கடப்பைக் கல்லைப் பரப்பி முடித்தார்கள். காருக்குக் கொட்டகையும் போட்டாயிற்று. சுவரில் சார்ஜரும் மாட்டியாயிற்று. அது ராத்திரி பகல் பச்சை விளக்கு எரிந்துகொண்டு வராத காருக்காகக் காத்திருந்தது.

கார் சித்திரையில் வரவில்லை. ஆனியில் வரும் என்றார்கள். தஞ்சாவூர் ஷோரூமிலிருந்து வானதி என்று ஒரு பெண் பேசுவாள். குரலில் அப்படி ஒரு தேன். "சார், உங்க வண்டி ஃபேக்டரியிலேருந்து கிளம்பிடுச்சு சார்" என்பாள். கிளம்பிய வண்டி எங்கே போயிற்று என்று அவளுக்கும் தெரியாது. ஆனி போய் ஆவணி என்றார்கள். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து, ஊரெல்லாம் நாற்றங்கால் போடுகிற வேளை அது.

அந்த ஆவணியில் ஒருநாள் சாயங்காலம்தான் மலர்க்கொடி வந்தாள்.

கிழக்கே பள்ளத்தில் மூன்று மா நிலம் அவளுடையது, ஒரு ஏக்கர். அவளும் புருஷன் வளவனும் சேர்ந்து வாங்கியது. வாங்கி நாலு போகம் முடிவதற்குள் மஞ்சள் காமாலையில் வளவன் போய்விட்டான். அவள் அப்பா ஒரு காலத்தில் துரைராசுவின் அப்பா வயலில் வேலை பார்த்தவர். "ஆண்டே" என்று கூப்பிட்டுக் கைகட்டி நின்றவர். மலர்க்கொடி "அண்ணே" என்பாள். அதைத் தான்தான் பெரிய மனதோடு அனுமதித்ததாகத் துரைராசுவுக்கு ஓர் எண்ணம். அவருடைய அனுமதியை யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

அவள் வந்து கடப்பைக் கல்லின் மேல் நின்றாள். துரைராசு கையில் போனோடு வெளியே வந்தார். மறுநாள் தேதி சொல்வதாக வானதி சொல்லியிருந்தாள். மனுஷர் பூரிப்பில் இருந்தார்.

"வாம்மா மலர்க்கொடி. காரப் பத்திக் கேக்க வந்தியா?"

"இல்லண்ணே. ரெண்டு நாளா மழை பேஞ்சுதுல்ல. நாத்தங்கால்ல தண்ணி நிக்குது. இந்தக் கொழாய்ல போவ மாட்டேங்குது. அதான் ஒரு வார்த்தை…"

"இது சும்மா இப்போதைக்குப் போட்டதும்மா. கார் வரட்டும், வந்த மறுநாளே பிரிச்சுப் பெருசாக் கட்டிடலாம். நாளைக்குத் தேதி சொல்லிடுவாங்க." உள்ளே திரும்பி, "மங்களம், மலர்க்கொடிக்குக் கேசரி குடு" என்றார். மறுநாள் தேதி தெரியப்போகிற சந்தோஷத்துக்கே கேசரி கிண்டியிருந்தார்கள்.

அவள் கேசரியை வாழை இலைத் துண்டில் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

காலையில் வானதி பேசினாள். "சாரி சார், ஆயுத பூஜைக்குக் கண்டிப்பா டெலிவரி சார்." துரைராசுவுக்கு முகம் செத்துப்போயிற்று. டீக்கடைக்குப் போனார். போகாமல் இருந்திருக்கலாம். உட்காரும் முன்னே அறிவுச்செல்வன் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"என்னண்ணே, கார் வருதா, இல்ல அங்கேயே முட்டை போட்டு அடைகாக்குதா?"

கடையே சிரித்தது. துரைராசுவும் சிரித்தாக வேண்டும். அவமானத்தில் மனுஷனுக்கு நாக்கு எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

"வந்திருக்கும்யா. நேத்து சாயங்காலம் அந்த மலர்க்கொடி வெறும் நெத்தியோட வந்து வாசல்ல நின்னுட்டுப் போச்சு. விடிஞ்சா போன் வருது, தள்ளிப் போச்சுன்னு. என்னத்தச் சொல்றது, போ!"

இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர் 'த்சொ' கொட்டினார். அறிவுச்செல்வன் சிரிக்கவில்லை, கிளாஸைக் கழுவப் போனார். துரைராசு அப்படியெல்லாம் சகுனம் பார்க்கிறவரும் இல்லை. வாய்க்கு வந்தது, சொன்னார். வீட்டுக்கு வருவதற்குள் மறந்தும் போனார். சொன்னவருக்கு மறப்பது சுலபம்.

ஆயுத பூஜைக்குக் கார் வரவில்லை. கொட்டகைக்கு மட்டும் சந்தனம் பூசி, சார்ஜருக்குப் பொட்டு வைத்தார்கள். மங்களாம்பிகை அதற்கு மாலை போடவா என்று கேட்டாள். கிண்டலா நிஜமா என்று துரைராசுவுக்குத் தெரியவில்லை. "மலர்க்கொடி முன்னெல்லாம் சாயங்காலம் தண்ணி எடுக்க இந்தப் பக்கம் வரும், இப்பல்லாம் காணோமே" என்றாள் இன்னொரு நாள். "நடவு நேரம்ல" என்றார் அவர்.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. மேட்டில் இருந்த துரைராசுவின் பயிர் மழையைக் குடித்து ஜம்மென்று நின்றது. கிழக்குப் பக்கத்திலிருந்து நாள் முழுக்க ஒரு டீசல் இன்ஜின் 'டபடபடப' என்று அடித்துக்கொண்டே இருந்தது. யாரோ வயலில் தண்ணீர் இறைக்கிறார்கள். ஷோரூமிலிருந்து போன் வந்தால் காதில் விழாது என்று துரைராசு எழுந்து போய்க் கிழக்கு ஜன்னலைச் சாத்தினார். சாத்தும்போது, இந்த மழையில் தண்ணீர் தானாக வடியாமல் எதற்கு இறைக்கிறார்கள் என்று ஒரு கேள்வி வந்தது. வந்த வேகத்தில் போன் அடித்தது. தீபாவளி கழித்து வரும் வெள்ளிக்கிழமை, நிச்சயம், நம்பர் போர்டுகூட மாட்டியாயிற்று!

வெள்ளிக்கிழமை தஞ்சாவூரில் துரைராசு பட்டு வேட்டியில் நின்றார். காரின் மேல் சிவப்புத் துணி போர்த்தியிருந்தது. அவரும் மங்களாம்பிகையும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். முழ நீளத்துக்கு அட்டைச் சாவி ஒன்றைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். வானதி நேரில் பார்க்கச் சின்னப் பெண், "லேட்டுக்கு மன்னிச்சுக்குங்க சார்" என்று கேக் ஊட்ட வந்தாள். "பரவாயில்லம்மா, நல்லது மெதுவாத்தான் வரும்" என்றார் துரைராசு. அப்படி ஒரு நல்ல மனது அன்றைக்கு அவருக்கு.

திரும்பும்போது கார் வழுக்கிக்கொண்டு வந்தது. சத்தமே இல்லை. மங்களாம்பிகை தூங்கிவிட்டாள். ஊர் எல்லையில் மழை விட்டிருந்தது. வாசலில் கூட்டம். ஆரத்தி எடுத்தார்கள், திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்தார்கள், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். கடப்பைக் கல்லின் மேல் கார் ஏறி, பூனை மாதிரிக் கொட்டகைக்குள் போய் நின்றது. சார்ஜர் வயரைச் சொருகியதும் காரில் பச்சை விளக்கு மின்னியது. பிள்ளைகள் 'ஓ' என்று கத்தினார்கள். மாசியிலிருந்து துரைராசு கண்ட கனவு அப்படியே நடந்தது.

கூட்டம் கேசரி தின்று கலைந்தது. துரைராசு கழுத்தில் போட்டிருந்த மாலையைச் சரிசெய்துகொண்டு நின்றபோது ரோட்டில் மலர்க்கொடி நிற்பதைப் பார்த்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. முழங்கால்வரை சேறு, சேலையை இழுத்துச் சொருகியிருந்தாள். கல்லின் மேல் கால் வைக்காமல் புளியமரத்தடியிலேயே நின்றாள்.

"அங்க ஏன் நிக்கிற? வா, வந்து காரப் பாரு."

"கார் வந்துடுச்சுல்ல அண்ணே?"

"வந்துடுச்சும்மா!"

"இனிமே திரும்பிப் போவாதுல்ல?"

துரைராசு சிரித்தார். "எங்க போவும்? அதான் வீட்டுக்குள்ளயே வந்துடுச்சே."

"அப்ப இப்ப சொல்லலாமா அண்ணே?" என்றாள். "எம் பயிரு போயிடுச்சு."

அவருக்குச் சட்டென்று விளங்கவில்லை. அவள் மெதுவாகத்தான் சொன்னாள். நட்டு வேர் பிடிக்கிற நேரத்தில் மழை பிடித்தது. வாய்க்கால் வடியவில்லை. இன்ஜின் வைத்து இறைத்தாள். இறைக்க இறைக்கத் திரும்பி நின்றது. மூழ்கின பயிர் அழுகிவிட்டது. கொஞ்சம் நாற்று கேட்டு வாங்கி, அழுகின இடத்தில் போக்கு நட்டாள். அடுத்த மழையில் அதுவும் போயிற்று.

"ஏம்மா, அப்பவே வந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் என்ன…"

"நான் வெறும் நெத்தியோட வந்து நின்னதாலதான் கார் தள்ளிப் போச்சுன்னு டீக்கடையில சொன்னீங்களாம்." அவள் குரலில் கோபம் இல்லை. ஊர் விஷயம் ஒன்றைச் சொல்வது போலத்தான் சொன்னாள். "அதான், வந்து சேர்ற வரைக்கும் வாசப்பக்கம் வர வேணாம்னு இருந்துட்டேன். ஆயுத பூஜைக்கு வந்துடும்னாங்க. தீவாளிக்கு வந்துடும்னாங்க. வந்ததும் சொல்லிக்கலாம்னு…"

"போன்லயாவது…"

"போன்ல சொன்னாலும் சொன்னதுதானே அண்ணே. மறுபடி தள்ளிப் போயிட்டா?"

துரைராசு கழுத்து மாலையை எப்போது கழற்றினார் என்று தெரியாது, அது கையில் இருந்தது. அவள் முன்னே நடக்க, பட்டு வேட்டியோடு பின்னால் போனார். மலர்க்கொடியின் வயல் குளம் மாதிரிக் கிடந்தது. அங்கங்கே நாலு தாள் பழுத்து மிதந்தது. பிணவாடை மாதிரி ஒரு அழுகல் வீச்சம். வரப்பின் ஓரத்தில் இறைத்து இறைத்து இன்ஜின் குழாய் அறுத்த பள்ளம் இருந்தது. தான் ஜன்னலைச் சாத்தி அடைத்த சத்தம் இங்கிருந்துதான் வந்திருக்கிறது.

அவருக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போல் இருந்தது. தன்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருந்தவர் அவர். யாருடைய வரப்பையும் வெட்டியதில்லை, யாருடைய மடையையும் அடைத்ததில்லை என்று பஞ்சாயத்தில் மார்தட்டிச் சொன்னவர். இவள் தன் பயிர் கண்ணெதிரே மூழ்குவதைப் பார்த்துக்கொண்டு, வேறொருவர் காருக்காக வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறாள். அப்படி நிற்க வைத்தது தன் வாய். டீக்கடையில் நாலு பேர் சிரிப்பதற்காகச் சொன்ன ஒரு வாக்கியம். வெட்கமாக இருந்தது. உடம்பைக் கழற்றி எங்கேயாவது வைத்துவிட முடிந்தால் வைத்திருப்பார்.

"மன்னிச்சுடும்மா" என்றார். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்தவர் மாலையைத் திண்ணையின் மேல் போட்டுவிட்டு, கொட்டகைக்குப் பின்னாலிருந்து கடப்பாறையை எடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். முதல் குத்திலேயே கடப்பைக் கல் பிளந்தது.

"என்னங்க இது! புதுக் கார் உள்ள நிக்குது. அத வெளிய எடுத்துட்டு இடிங்க!" என்று மங்களாம்பிகை ஓடி வந்தாள்.

"நிக்கட்டும்" என்றார்.

"ஜேசிபி கூப்பிட்டா நாளைக்கு வந்து அள்ளிடும்."

"நாளைக்குன்னு சொல்லிச் சொல்லித்தான் இப்படி ஆச்சு."

ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவளும் இறங்கினாள். சத்தம் கேட்டு அறிவுச்செல்வன் கடையை அப்படியே விட்டுவிட்டு வந்தார். விஷயம் கேட்டார், கைலியை ஏற்றிக் கட்டினார். பைப்பைப் பெயர்த்த மாத்திரத்தில் கிழக்கே தேங்கி நின்ற தண்ணீர் கொட்டகை மண்ணை அரித்துக்கொண்டு இரைந்து ஓடியது. எல்லோரும் கரையில் நின்று பார்த்தார்கள். சார்ஜர் இன்னும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. கார் இனி வெளியே வர வேண்டுமென்றால் பெரிய குழாய் வந்து, வாய்க்கால் வற்றி, பாலம் கட்டியாக வேண்டும். தை பிறக்கலாம், மாசிகூட ஆகலாம். கார் வந்த அன்றைக்கே சிறையில் விழுந்தது.

மறுநாள் காலையில் துரைராசு பழைய தென்னந்தடிகளை வாய்க்காலின் குறுக்கே இழுத்துப் போட்டார். ஓரங்கட்டி வைத்திருந்த மொபெட்டைத் துடைத்து, தடியின் மேல் தள்ளிக்கொண்டு ரோட்டுக்கு வந்தார். இப்போது நட்டாலும் குறுகிய வயசு நெல் என்றால் பிழைக்கும். யார் வயலிலாவது மீந்த நாற்று இருக்க வேண்டும். முதலில் டீக்கடை. அங்கே போகத்தான் அவருக்குக் கால் வரவில்லை. போனார்.

"என்னண்ணே, புதுக் காரு இருக்க மொபெட்டுல?" என்று விஷயம் தெரியாத ஒருவர் கேட்டார்.

துரைராசு நின்றபடியே சொன்னார். "அன்னிக்கு இதே எடத்துல மலர்க்கொடியப் பத்தி ஒண்ணு சொன்னேன். நீங்க எல்லாம் கேட்டீங்க. அது வந்ததால என் கார் தள்ளிப் போவல. என் காரால அது பயிரு போச்சு. இதையும் நாலு பேர்கிட்ட சொல்லுங்க." யாரும் சிரிக்கவில்லை. யாராவது சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது. பெஞ்சின் கடைசியில் இருந்தவர் மட்டும், நாச்சியார்கோயில் பக்கம் ஒருத்தரிடம் நாற்று மீந்து கிடக்கிறதாம் என்று தலையைத் தூக்காமலே சொன்னார்.

அன்றைக்கும் மறுநாளும் துரைராசு ஊர் ஊராக அலைந்தார். போன இடமெல்லாம் "கார் வந்துடுச்சாமே?" என்றார்கள். போன இடமெல்லாம் அவர் கதையை முதலிலிருந்து சொன்னார். சொல்லிச் சொல்லியும் வெட்கம் தேயவில்லை. ஒவ்வொரு தடவையும் புதிதாகவே கூசியது. கொஞ்சம் கொஞ்சமாக நாற்று சேர்ந்தது. முக்கால் வயலுக்கு வரலாம்.

மூன்றாம் நாள் காலை மொபெட்டில் கடைசிக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு வந்து வீட்டெதிரே ரோட்டில் இறக்கினார். மலர்க்கொடி வந்திருந்தாள். நாற்றைப் பார்த்தாள், ஒரு தாளைக் கிள்ளி முகர்ந்தாள், தலையாட்டினாள்.

"தழையுமா?" என்றார் அவர்.

"பனிக்கு முன்னாடி தூர் கட்டுனா தழையும்ண்ணே. பாப்போம்."

"இனிமே எதுவா இருந்தாலும் நேரா வந்து சொல்லும்மா. எந்த நேரமா இருந்தாலும், என்ன விசேஷமா இருந்தாலும்."

"சரிண்ணே."

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வாசலில் நின்ற மங்களாம்பிகை கூப்பிட்டாள். "மலரு, காப்பி போட்டிருக்கேன். உள்ள வந்து ஒரு வாய் குடிச்சுட்டுப் போ."

மலர்க்கொடி தென்னந்தடியைப் பார்த்தாள். அதற்கு அப்பால் கொட்டகையில் நின்ற காரையும் பார்த்தாள்.

"கையெல்லாம் சேறு அண்ணி. இன்னொரு நாள் வர்றேன்" என்றாள். குனிந்து ஒரு நாற்றுக்கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு கிழக்கே நடந்தாள்.

அவள் அன்றைக்கு இன்னும் வயலில் இறங்கவில்லை. கை சுத்தமாகத்தான் இருந்தது என்பதைத் துரைராசு பார்த்தார். மீதிக் கட்டுகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு, அவள் பின்னால் சற்றுத் தள்ளியே நடந்தார்.